படத்தில் இல்லாத சிவப்பு எழுத்து: மருத்துவ இதழ்கள் தாளிலிருந்து இணையத்துக்குப் போனபோது என்ன மாறியது?

போன மாதம் பக்கத்து வீட்டு இளம் தாய் ஒருத்தி போனைக் கையில் பிடித்தபடி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிகிறது, எம்எம்ஆர் தடுப்பூசி (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கு எதிரானது) போட வேண்டிய நேரம். கனடாவில் இருக்கிற மச்சான் முறையான ஒருவர் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். ஏதோ பழைய ஆங்கில மருத்துவ இதழின் முதல் பக்கத்தை மேசையில் வைத்துப் போட்டோ எடுத்த படம், தாளின் மஞ்சள் நிறம்கூடத் தெரிகிறது. "மாமா, இது லான்செட்டில வந்ததாம். பெரிய இதழ்தானே? அப்ப ஊசி போடலாமோ, விடுறதோ?"

படத்தில் இருந்தது உண்மையாகவே லான்செட்டில் வந்த கட்டுரைதான். 1998 பெப்ரவரியில் வந்தது. வெறும் 12 பிள்ளைகளை வைத்துக்கொண்டு எம்எம்ஆர் ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணத்தை உலகம் முழுக்கக் கிளப்பிவிட்ட கட்டுரை. பிறகு பல நாடுகளில் மிகப் பெரிய ஆய்வுகள் செய்து பார்த்தார்கள், அப்படி ஒரு தொடர்பும் இல்லை. கட்டுரையை எழுதிய 13 பேரில் 10 பேர் 2004-ல் அந்த முடிவிலிருந்து விலகிக்கொண்டார்கள். 2010 பெப்ரவரியில் லான்செட்டே கட்டுரையை முழுதாக மீளப்பெற்றது, அதாவது இதை இனி நம்பக்கூடாது என்று அறிவித்தது. நான் என் போனில் அந்த இதழின் தளத்துக்குப் போய் அதே பக்கத்தைக் காட்டினேன். அங்கே பக்கத்துக்குக் குறுக்கே பெரிய சிவப்பு எழுத்தில், மீளப்பெறப்பட்டது என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது.

அவள் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப இந்தப் படத்தில ஏன் அது இல்லை?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. ஊசியைப் போடு, சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் மருத்துவிச்சியிடம் கேள் என்று அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. பல வருடங்கள் ஒரு நூலகத்தில் ஆய்விதழ்ப் பகுதியில் வேலை செய்தவன் நான், தாள் கட்டுக்கட்டாக வந்த காலத்தையும் பார்த்தேன், அலுமாரிகள் வெறுமையான காலத்தையும் பார்த்தேன். எங்கள் ஆட்கள் இதைப் பற்றிப் பேசும்போது "முந்திப் புத்தகம், இப்ப நெற், அவ்வளவுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ஒன்று, தாளில் இருந்தது அப்படியே திரைக்கு வந்திருக்கிறது என்று நினைப்பது. மற்றது, திரைக்கு வந்துவிட்டதால் எல்லாம் இலவசம் என்று நினைப்பது. இரண்டையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

கலியாண அழைப்பிதழைப் போல ஒரு காலம்

கலியாணக் காட் அடிக்கிறீர்கள். முகூர்த்தம், மண்டபம், எல்லாம் அச்சாகி 400 வீட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது. பிறகுதான் மண்டபம் மாறுகிறது. என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு வீட்டுக்கும் போன் எடுப்பீர்கள், சொந்தக்காரரிடம் சொல்லிவிடுவீர்கள், எத்தனை பேருக்குச் சொன்னாலும் யாரோ ஒருவர் பழைய மண்டபத்து வாசலில் போய் நிற்பார். அழைப்பிதழில் பிழை இல்லை, அச்சடித்த அன்றைக்கு அது சரி. அதற்குப் பிறகு நடந்தது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அச்சு மருத்துவ இதழும் அப்படித்தான். மருத்துவர்களும் ஆய்வாளர்களும் தாங்கள் கண்டதை எழுதி அனுப்பும் கட்டுரைகளைத் தொகுத்து வாரமோ மாதமோ வெளியிடுவதைத்தான் ஆய்விதழ் என்கிறோம். வந்த கட்டுரையை ஆசிரியர் அப்படியே போட்டுவிடமாட்டார். அதே துறையில் வேலை செய்கிற, கட்டுரையோடு சம்பந்தமில்லாத சிலரிடம் கொடுத்து, இது நியாயமான வேலையா, எங்கே ஓட்டை இருக்கிறது என்று கேட்பார். இதற்குச் சக மதிப்பாய்வு என்று பெயர். அது முடிந்து, திருத்தி, அச்சுக் கோத்து, அடித்து, கட்டி, தபாலில் போட்டு வாசகர் கைக்கு வர மாதக்கணக்கு ஆகும்.

லான்செட் 1823-ல் தொடங்கியது. இலங்கையிலும் இது புதுக்கதை இல்லை, சிலோன் மெடிக்கல் ஜேர்னலின் வேர் 1887 வரை போகிறது. நம்முடைய யாழ்ப்பாண மண்ணில் இன்னும் முந்தியது மானிப்பாய். 1847-ல் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் மருத்துவர், மருத்துவம் படிக்க வந்த பொடியன்களுக்குத் தமிழிலேயே படிப்பிக்க வேண்டும் என்று நின்று, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சேற்றினார், இல்லாத சொற்களை உருவாக்கினார். அந்த நூல்களின் பிரதிகள் இன்றைக்கும் இருக்கின்றன. ஒருவரும் மின்சாரம் கொடுக்கவில்லை, கடவுச்சொல் கொடுக்கவில்லை, 150 வருடமாகத் தாள் தன்பாட்டில் கிடந்து வாசிக்கக் கிடைக்கிறது. அச்சின் இந்தப் பலத்தை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

ஆனால் வந்துசேர்வதுதான் சிக்கல். 90-களில், போரால் மின்சாரமும் இல்லை, பாதையும் இல்லை என்று இருந்தபோது, நூலகத்துக்கு இதழ்கள் வந்தால் நான்கைந்து மாதத்து இதழ்கள் ஒரே கட்டாக வரும். நடுவில் ஒன்று காணாமல் போயிருக்கும். அந்த ஒன்றில்தான் யாரோ ஒரு மாணவர் தேடின கட்டுரை இருக்கும்!

சுருக்கமாக: அச்சிதழ் என்பது ஒரு நாளின் நிலையைப் பிடித்து வைத்த பொருள். கையில் இருக்கும்வரை அது உங்களுடையது, நீண்ட காலம் இருக்கும், ஆனால் பிறகு நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது.

முதலில் மாறியது கட்டுரை இல்லை, அட்டவணை

இது பலருக்குத் தெரியாத விஷயம். டிஜிட்டல் என்றதும் ஒருநாள் இதழ்களை எல்லாம் ஸ்கான் பண்ணிப் போட்டார்கள் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் கணினி முதலில் நுழைந்தது வேறு வாசலால்.

இதழ்கள் ஆயிரக்கணக்கில் பெருகின பிறகு, எந்தக் கட்டுரை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அதற்காக 1879-ல் அமெரிக்காவில் இன்டெக்ஸ் மெடிக்கஸ் என்ற அட்டவணை தொடங்கப்பட்டது, எந்த நோயைப் பற்றி எந்த இதழில் என்ன வந்திருக்கிறது என்று பட்டியல் போடும் தடித்த தொகுதிகள். ஒரு கேள்விக்குப் பதில் தேட வருடம் வருடமாகத் தொகுதிகளை இறக்கி, விரலால் வரி வரியாகத் தேட வேண்டும். இந்த அட்டவணையை விரைவாக அச்சடிக்கத்தான் 1964-ல் கணினியைப் பிடித்தார்கள். அதாவது கணினி வந்ததே தாளுக்கு உதவி செய்ய! பிறகுதான், அட்டவணை ஏற்கெனவே கணினிக்குள் இருக்கிறதே, அங்கேயே நேரே தேடினால் என்ன என்று யோசித்து, 1971-ல் தொலைபேசிக் கம்பிவழி தேடும் மெட்லைன் வந்தது. 1996-ல் அது இணையத்தில் பப்மெட் ஆனது, 1997-ல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். தாள் அட்டவணை 2004-உடன் நின்றது.

கட்டுரைகள் பின்னால்தான் வந்தன. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல் 1995-ல் இணையத்துக்கு வந்தது, முழுக் கட்டுரைகளையும் 1998-ல் போட்டது. அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாரும்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. "பப்மெட்டில வந்திருக்கு" என்று ஒருவர் சொன்னால் அது அரசாங்கம் முத்திரை குத்தின உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். பப்மெட் ஓர் அட்டவணை. ஒரு கட்டுரை இருக்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்லும். கட்டுரை சரியா பிழையா என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை.

பக்கம் போய்ப் பதிவு வந்தது

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தாளில் கட்டுரை என்பது பக்கம். 637-ஆம் பக்கத்தில் தொடங்கி 641-இல் முடியும். இணையத்தில் கட்டுரையின் அடிப்படை வடிவம் பக்கமே இல்லை, அது குறியிட்ட கோப்பு. இது தலைப்பு, இவர் எழுதியவர், இது மருந்தின் அளவு வரும் அட்டவணை, இது மேற்கோள் காட்டிய பழைய கட்டுரை என்று ஒவ்வொரு துண்டுக்கும் கணினிக்கு விளங்கும் மாதிரிப் பெயர் ஒட்டியிருக்கும்.

குசினித் தட்டை நினைத்துப் பாருங்கள். போத்தல்களில் பெயர் ஒட்டாவிட்டால் எது மல்லித்தூள், எது மிளகாய்த்தூள் என்று அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். பெயர் ஒட்டிவிட்டால் வீட்டுக்குப் புதிதாக வந்தவரும் சமைக்கலாம். அதேபோல, பெயர் ஒட்டின கோப்பிலிருந்து போனுக்கு ஒரு வடிவம், கணினித் திரைக்கு ஒரு வடிவம், அச்சடிக்க பிடிஎஃப் என்று வேண்டியதை இயந்திரமே ஆக்கிக்கொள்ளும். நீங்கள் பார்க்கிற பிடிஎஃப் அந்தச் சமையலில் ஒரு கறி மட்டும்தான்.

அடுத்து, அந்தக் கட்டுரைக்கு ஒரு நிரந்தர எண் கொடுக்கிறார்கள். இதை டிஓஐ என்கிறார்கள். இதை விளக்க எனக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்ட சனம் தென்மராட்சிக்குப் போனது, வன்னிக்குப் போனது, சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் கொழும்புக்கோ கடல் தாண்டியோ போனார்கள். விலாசம் எத்தனை தடவை மாறியது என்று கணக்கே இல்லை. ஆனால் அடையாள அட்டை எண் மாறவில்லை, ஆளை அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். இணையத்திலும் விலாசங்கள் மாறிக்கொண்டே இருக்கும், வெளியீட்டாளர் விற்றுவிடுவார், தளம் பெயர் மாறும். டிஓஐ மாறாது. 10 என்ற இலக்கத்தில் தொடங்கும் அந்த எண்ணைத் தேடினால், கட்டுரை இப்போது எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விடும். பெரிய வெளியீட்டாளர்கள் சேர்ந்து 2000-ல் தொடங்கின கிராஸ்ரெஃப் என்ற அமைப்புத்தான் ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கான இந்த எண்களைப் பெரும்பாலும் கவனிக்கிறது.

ஆகவே: இணையத்தில் வெளியாவது தாளின் படம் என்று நினைக்காதீர்கள். அது ஓரிடத்தில் பராமரிக்கப்படுகிற பதிவு, அதற்கு ஒரு எண் இருக்கிறது. நாங்கள் பார்ப்பதெல்லாம் அந்தப் பதிவின் பிரதிகள்.

சங்கக்கடைக் கரும்பலகை

இனி அந்தச் சிவப்பு எழுத்துக்கு வருவோம், இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

சங்கக்கடை வாசலில் விலை எழுதின கரும்பலகை தொங்கும். சீனி விலை மாறினால் மனேச்சர் அழித்துவிட்டு எழுதுவார், வருகிற எல்லாருக்கும் புது விலை தெரியும். ஆனால் நேற்று அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவரின் போனில் பழைய விலைதான் இருக்கும். பலகையை எத்தனை தடவை அழித்தெழுதினாலும் அந்தப் போட்டோ மாறாது.

இதழின் தளத்தில் இருக்கிற பதிவு கரும்பலகை. வட்ஸ்அப்பில் சுற்றுகிற படமும் யாரோ எப்போதோ இறக்கி வைத்த பிடிஎஃபும் நேற்றைய போட்டோ. அவள் கேட்ட கேள்விக்கு முழுப் பதில் இதுதான். அந்தப் படம் 1998-இல் அச்சான தாளிலிருந்து எடுத்தது. 2010-இல் இதழ் செய்தது அந்தத் தாளுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

தாள் காலத்தில் ஒரு கட்டுரை பிழை என்று தெரிந்தால், அடுத்த ஏதாவது ஓர் இதழின் மூலையில் சின்ன அறிவிப்பு வரும். பழைய தொகுதியை அலுமாரியிலிருந்து எடுத்து வாசிக்கிறவர் அந்த அறிவிப்பைப் பார்க்க வாய்ப்பே இல்லை. நானே சில தடவை சின்னத் துண்டுத் தாளில் எழுதி, பசை பூசி, பழைய தொகுதியில் அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். எத்தனை நூலகங்களில் யார் அப்படி ஒட்டியிருப்பார்கள்? கட்டுரையை இனி நம்பக்கூடாது என்று இதழ் பகிரங்கமாக அறிவிப்பதை மீளப்பெறல் என்கிறோம். டிஜிட்டலில் கட்டுரையை அழித்து விடுவதில்லை, அழித்தால் என்ன நடந்தது என்ற வரலாறே போய்விடும். கட்டுரை அங்கேயே இருக்கும், மேலே முத்திரை விழும், ஏன் என்ற விளக்கத்துக்கு இணைப்பு இருக்கும். பப்மெட்டிலும் அந்தக் குறிப்பு ஏறும்.

வேகத்தைப் பாருங்கள். 1998-இன் கட்டுரையை மீளப்பெற 12 வருடம் எடுத்தது. 2020-ல், கோவிட் காலத்தில், ஹைட்ரொக்சிக்குளோரோகுயின் மருந்தால் நோயாளிகளுக்குத் தீங்கு என்று அதே லான்செட்டில் மே 22-இல் ஒரு கட்டுரை வந்தது. மூன்று நாளில், மே 25-இல், உலக சுகாதார நிறுவனம் தன்னுடைய பரிசோதனையில் அந்த மருந்தை நிறுத்தி வைத்தது. உலகம் முழுக்க இருந்த ஆய்வாளர்கள் கட்டுரையின் எண்களை எடுத்துப் பார்த்து, இது பொருந்தவில்லையே என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். தரவை வெளியாட்களால் சரிபார்க்க முடியவில்லை. ஜூன் 4-இல் கட்டுரை மீளப்பெறப்பட்டது. 13 நாள்! தாள் காலமாக இருந்திருந்தால் அந்த இதழ் அதற்குள் யாழ்ப்பாணத்துக்கு வந்தே சேர்ந்திராது. (அந்த மருந்து கோவிட்டுக்கு உதவவில்லை என்பது பிறகு வேறு நல்ல ஆய்வுகளில் தெளிவானது. மீளப்பெற்ற கட்டுரையின் முடிவு தற்செயலாகப் பொருந்தினாலும் அந்தத் தரவு நம்பத்தக்கதாகிவிடாது.)

வேகத்துக்கு மறுபக்கமும் உண்டு. சக மதிப்பாய்வுக்கு முன்னமே கட்டுரையை எல்லாரும் பார்க்கும்படி போடுகிற வழக்கம் மருத்துவத்துக்கும் வந்துவிட்டது, அதை முன்வெளியீடு என்கிறார்கள். மருத்துவ முன்வெளியீடுகளுக்கான மெட்ஆர்கைவ் என்ற தளம் 2019 ஜூனில் தொடங்கியது, ஆறு ஏழு மாதத்தில் கோவிட் வந்தது. ஆய்வாளர்கள் ஒருவருக்கொருவர் உடனே பேசிக்கொள்ள இது பெரிய உதவி. ஆனால் அதை எடுத்து "விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று செய்தி போடும்போது, இன்னும் ஒருவரும் சரிபார்க்கவில்லை என்று அந்தத் தளத்திலேயே எழுதியிருக்கிற வரி காணாமல் போய்விடுகிறது.

மருந்துக் கையேடுகளுக்கு இந்த மாற்றம் பெரிய வரம் என்பேன். பிரிட்டனின் பிஎன்எஃப் என்ற மருந்துக் கையேடு அச்சில் வருடத்துக்கு இரண்டு தடவை வரும், இணையத்தில் மாதாமாதம் திருத்துகிறார்கள். ஒரு மருந்தோடு இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்று புதிதாகத் தெரிந்தால், ஆறு மாதம் காத்திருப்பது யாருக்கு நல்லது?

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். திருத்தம் பதிவுக்குப் போகும், உங்கள் கையில் உள்ள பிரதிக்கு வராது.

கிணறும் குழாய்த் தண்ணீரும்

இலவசம் என்ற கதைக்கு வருவோம்.

வளவுக்குள் கிணறு இருந்தால் தண்ணீர் உங்களுடையது. வெட்டச் செலவு, பிறகு யாரும் வந்து பூட்ட முடியாது. குழாய்த் தண்ணீர் சுகம்தான், திறந்தால் வரும், ஆனால் பில் கட்டாவிட்டால் வெட்டிவிடுவார்கள், அதுவரை எத்தனை வருடம் கட்டினீர்கள் என்பது கணக்கில் வராது.

அச்சிதழுக்குச் சந்தா கட்டின நூலகம் கிணறு வெட்டின மாதிரி. சந்தாவை நிறுத்தினாலும் அதுவரை வந்த தொகுதிகள் அலுமாரியில் இருக்கும். டிஜிட்டல் சந்தா பெரும்பாலும் குழாய். நூலகம் வாங்குவது இதழை இல்லை, பார்க்கும் அனுமதியை. சந்தா நின்றால், ஒப்பந்தம் எப்படி எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து, பழைய வருடங்களும் சேர்ந்தே மூடிவிடலாம். அலுமாரியில் இருந்த இடமும் இருக்காது, திரையிலும் ஒன்றும் இருக்காது. இதை முதல்தடவை கண்டபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு பதறியது. சந்தா இல்லாதவர் கட்டுரையைத் திறந்தால் சுருக்கம் மட்டும் தெரிந்து, மிச்சத்துக்குக் காசு கேட்கும். இதைக் கட்டணச் சுவர் என்பார்கள்.

இந்தச் சுவரை உடைக்க எழுந்ததுதான் திறந்த அணுக்கம்: யாரும் காசு கட்டாமல் வாசிக்கலாம், பகிரலாம் என்ற ஏற்பாடு. 2002 பெப்ரவரியில் புடாபெஸ்ட் பிரகடனம் இதற்கு ஒரு தெளிவான வரைவிலக்கணம் கொடுத்தது. அதே 2002 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் பெரிய வெளியீட்டாளர்களும் சேர்ந்து ஹினாரி என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள், வருமானம் குறைந்த நாடுகளின் மருத்துவ நிறுவனங்களுக்கு இலவசமாகவோ குறைந்த காசுக்கோ இதழ்களைத் திறந்துவிடுவது. இலங்கை நிறுவனங்களும் இதைப் பயன்படுத்தின. 1978-இல் தொடங்கி, போர்க்காலம் முழுக்கப் புத்தகத்துக்கும் இதழுக்கும் தவித்த யாழ்ப்பாண மருத்துவபீடம் போன்ற இடங்களுக்கு இணையம் திறந்துவிட்ட கதவு எவ்வளவு பெரியது என்பது, அந்தத் தவிப்பைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இலங்கை இதழ்களும் 2008 முதல் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற ஒரே தளத்தில் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின.

ஆனால் வாசிப்பவர் கட்டாவிட்டால் செலவை யார் கட்டுவது? பல திறந்த இதழ்களில் எழுதியவர் கட்டுகிறார். கட்டணம் டொலரில். 2022-இல் 200 ரூபாய்க்குக் கிட்ட இருந்த டொலர் சில மாதத்தில் 360 அளவுக்குப் போனதே, 2,000 டொலர் கட்டணம் என்றால் 4 லட்சம் ரூபாயாக இருந்தது 7 லட்சத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று அர்த்தம். முந்தி வாசிக்க முடியாமல் வெளியே நின்றோம், இப்போது எழுத முடியாமல் நிற்கிறோம். சில இதழ்கள் ஏழை நாட்டு ஆய்வாளர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன, எல்லாம் இல்லை. இந்த ஓட்டையால் நுழைந்தவைதான் இரைதேடும் இதழ்கள். காசை வாங்கிக்கொண்டு, சக மதிப்பாய்வு எதுவும் செய்யாமல், பெரிய இதழ் போலப் பெயர் வைத்து எதையும் போட்டுவிடும். தாள் காலத்தில் போலி இதழ் நடத்தத் தாளும் மையும் தபால் செலவும் வேண்டும். இப்போது ஒரு இணையத்தளம் போதும்.

ஆக, வாசிப்பு பல இடங்களில் இலவசமானது உண்மை. வெளியீடு இலவசமாகவில்லை, செலவு வேறு தோளுக்கு மாறியிருக்கிறது.

எரிந்த தாளும் பெயர்த்தெழுதிய ஏடும்

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. ஒரே ஒரு பிரதியாக இருந்தவை திரும்பி வரவே இல்லை. ஒரே இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1999-இல் லொக்ஸ் என்ற திட்டம் தொடங்கினார்கள், பல நூலகங்கள் ஒரே டிஜிட்டல் இதழின் பிரதிகளைத் தனித்தனியே வைத்து, கணினிகள் ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பழுதானதைத் திருத்திக்கொள்ளும். நிறையப் பிரதி இருந்தால் பத்திரம் என்பதுதான் அந்தப் பெயரின் விரிவே. 2005-இல் தொடங்கின நூலகம் என்ற எங்கள் எண்ணிம நூலகமும் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆறுதல்.

ஆனால் டிஜிட்டல் என்றால் அழியாது என்று நினைக்காதீர்கள். இது தாளைவிட ஓலை ஏட்டுக்குத்தான் கிட்ட. செகராசசேகரம், பரராசசேகரம் என்று யாழ்ப்பாண அரசர் காலத்தில் எழுந்த வைத்திய நூல்கள் 20-ஆம் நூற்றாண்டில் அச்சுக்கு வரும்வரை எப்படித் தப்பின? வைத்தியப் பரம்பரைகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, செல்லரித்த ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் பெயர்த்தெழுதினார். எழுதாமல் விட்ட தலைமுறையோடு அந்த ஏடு போனது. டிஜிட்டல் கோப்பும் அப்படித்தான். என்னிடம் 90-களின் பிற்பகுதியில் பிளொப்பி டிஸ்க்கில் போட்டு வைத்த இதழ் அட்டவணை ஒன்று இருக்கிறது, அதைத் திறக்க இன்றைக்கு என்னிடம் ஒரு இயந்திரமும் இல்லை. அதே காலத்துத் தாள் அட்டவணையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இப்போதும் வாசிக்கிறேன்.

2022 மார்ச்சில் இரண்டு பலவீனத்தையும் ஒரே மாதத்தில் பார்த்தோம். தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சை தள்ளிப்போனது, மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் மின்சாரமும் இல்லை.

உங்கள் போனில் ஒரு மருத்துவப் படம் வந்தால்

முதலில் டிஓஐ எண் தெரிகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் பக்கத்தின் மேலோ கீழோ இருக்கும். பழைய தாளின் படம் என்றால் இருக்காது, அப்படியானால் தலைப்பை அப்படியே பப்மெட்டில் தட்டுங்கள். பதிவு வந்ததும் மீளப்பெறப்பட்டது, திருத்தப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மேலேயே கண்ணில் படும். இதழின் தளத்தில், புதுப்பிப்பைப் பார்க்கச் சொல்லும் ஒரு சின்னப் பொத்தானும் பல கட்டுரைகளில் இருக்கும். முன்வெளியீடா என்று பாருங்கள். பிறகு அனுப்புவதானால் படத்தை அனுப்பாமல் இணைப்பை அனுப்புங்கள், படம் உறைந்துவிடும், இணைப்பு அன்றைய நிலையைக் காட்டும். மருந்தை நிறுத்துவது, தொடங்குவது எல்லாம் மருத்துவரிடம் கேட்டுத்தான், இந்தத் தேடல் எதுவும் அதற்கு மாற்றில்லை.

தமிழில்தான் எனக்குப் பெரிய கவலை. கிறீன் காலத்தில் தமிழில் வந்த மருத்துவ நூலில் வருடமும் இடமும் அச்சகமும் போட்டிருக்கும். இன்றைக்குத் தமிழில் சுற்றுகிற சுகாதாரக் குறிப்புகள் பெரும்பாலும் வெறும் படங்கள். யார் எழுதியது, எப்போது எழுதியது, எதை வைத்து எழுதியது, ஒன்றும் இருக்காது. டெங்குக்கு இரண்டு வருடத்துக்கு முன் வந்த அறிவித்தல் இன்றைக்கு வந்தது போலத் திரும்பச் சுற்றும். நல்ல மருத்துவர்கள் நல்ல மனதோடு எழுதிப் போடுகிற குறிப்புகளிலும் திகதி இருப்பதில்லை.

எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையின் அறிவித்தல் பலகையில் யார் எந்தச் சுகாதாரத் துண்டுப்பிரசுரத்தைக் குத்தினாலும், போன கிழமையிலிருந்து நான் பேனையால் ஒரு மூலையில் அன்றைய திகதியையும், தெரிந்தால் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். அந்த இளம் தாய் நேற்று அங்கே பத்திரிகை எடுக்க வந்தவள், பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்று, ஒரு நாள் சின்னக் காய்ச்சல், இப்போது சுகம் என்றாள். கனடா மச்சானுக்கு இணைப்பை அனுப்பினாளாம். அவர் இன்னும் பதில் போடவில்லை.